குட்டைத் தண்ணீர் கலங்கல்: வாலிஸ்னேரியா நட்டால் பிடிக்குமா?

கரைமேடு
பண்ணைக்குட்டை 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நடுவில் ஆழம் 2 மீட்டர், சராசரி 1.2 மீட்டர். களிமண் அடி, பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் இல்லை. தண்ணீர் எப்போதும் செங்கல் கரைத்த நிறம். முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. சாதா கெண்டை சுமார் 40, திலாப்பியா கணக்கில்லை. வாலிஸ்னேரியா (நாடா போல நீண்ட இலையுள்ள நீரடிச் செடி) 200 கன்று நட்டு மூன்று வாரத்தில் பாதி இலை கரைந்துவிட்டது, மீதி மிதந்துவிட்டது. வேறு என்ன செடி போடலாம்? அடியில் தொழு உரம் பரப்பிவிட்டு நட்டால் வேர் பிடிக்குமா?

நீர்க்காகம்
செடியை மாற்றிப் பயனில்லை, அதே கதிதான். முதலில் மிதந்த கன்று ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் செடி நல்ல செடி. கெண்டை கிளறிப் பிடுங்கியிருக்கிறது. வேர் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து, அழுகிய முட்டை வாடை வந்தால் அடிச்சேற்றில் பிராணவாயு இல்லை. இலை மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்து, வேரும் இலையும் சேரும் கழுத்து கெட்டியாக இருந்தால் அது இடம் மாற்றிய அதிர்ச்சி. வாலிஸ்னேரியாவுக்கு இது வாடிக்கை. பழைய இலையை உதிர்த்துவிட்டு மூன்று நான்கு வாரத்தில் கழுத்திலிருந்து புது இலை விடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கலங்கல் எதனால் என்று பார்க்க, ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் குட்டைத் தண்ணீரைப் பிடித்து அசையாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே தெளிந்து அடியில் மண் படிந்தால், கலக்குவது மீனும் காற்றும். ஒரு வாரம் ஆகியும் நிறம் மாறவில்லை என்றால் களிமண்ணின் மிக நுண்ணிய துகள். அவை ஒரே மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் தானாகப் படியாது. பச்சையாகவே நின்றால் மிதவைப்பாசி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சேற்றுக்கால்
தொழு உரம் வேண்டவே வேண்டாம். நிலத்துப் பயிர்ப் பழக்கம் இங்கே செல்லாது. மட்காத எரு நீருக்கடியில் அழுகும்போது அடியில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும். பிறகு ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி வேரைக் கருக்கும். எருவிலிருந்து கரையும் பாஸ்பரஸ் மேலே வந்து நூல்பாசிக்குத் தீனியாகும். செடிக்குப் போட்ட உரத்தைப் பாசி தின்று, அந்தப் பாசியே செடியை மூடும்.

வேருள்ள நீரடிச் செடிகள் தழை, மணிச்சத்தில் பெரும்பகுதியைச் சேற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய குட்டையின் வண்டலில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். குறைவாக இருப்பது வெளிச்சம்.

வாத்துமடை
இவ்வளவு எதற்கு? ஹைட்ரில்லாவைக் கை நிறைய அள்ளித் துண்டு துண்டாகப் போட்டால் ஆறு மாதத்தில் குட்டை நிறைந்துவிடும். மங்கலிலும் வளரும். வேலை முடிந்தது.

தவளைக்கல்
வளரும், அதில் சந்தேகமில்லை. மேல்வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் ஹைட்ரில்லா தாக்குப்பிடிக்கும். தலைவலியும் அதே குணத்தால்தான். ஒரு கணு உடைந்தாலும் புதுச் செடி. சேற்றுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு வைக்கும், அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே எத்தனை முறை அறுத்தாலும் கிழங்கு போகாது. ஆசியப் பகுதிச் செடியான இது மீன்தொட்டி வியாபாரம் வழியாக 1950-களில் ஃபுளோரிடாவுக்குப் போனது. இன்று அமெரிக்கக் கூட்டரசின் தடைக்களைப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கபோம்பா கரோலினியானா, லாகரோசிபான் ஆகிய நீர்ச்செடிகளைத் தடை செய்திருக்கிறது. உங்கள் பகுதியில் இயல்பாக உள்ள செடி எது, தடை உள்ளது எது என்று பார்த்த பிறகே எதையும் தண்ணீரில் விடுங்கள்.

"எலோடியா" என்று பெயர் சொல்லிக் கையில் வருவது பல நேரம் ஹைட்ரில்லாதான். அடையாளம்: ஒரு கணுவைச் சுற்றி மூன்று இலை என்றால் எலோடியா. நான்கு, சில நேரம் ஐந்து ஆறு, இலை பெரிது, ஓரம் வழவழப்பு என்றால் எகேரியா. பெரும்பாலும் ஐந்து, விளிம்பில் கண்ணுக்கே தெரியும் பற்கள், நடுநரம்பின் அடிப்பக்கம் நகத்தால் வருடினால் சொரசொரப்பு: அது ஹைட்ரில்லா. வேரைத் தோண்டியதில் கிழங்கும் வந்தால் பேச்சே இல்லை.

கூன்டெயில் என்கிற செரட்டோபில்லத்துக்கும் இதே குழப்பம் உண்டு. அதன் இலை கவைபோல ஒன்றிரண்டு முறை பிரியும். மிரியோபில்லம் பறவை இறகு மாதிரி. கபோம்பாவின் இலை காம்போடு எதிரெதிரே வரும் விசிறி.

கரைமேடு
வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. ஆக, கெண்டை வேலை. பாட்டில் எட்டு நாளாக வைத்திருக்கிறேன், அடியில் மெல்லிய படிவு விழுந்தது. மேலே இன்னும் அதே நிறம்.

நீர்க்காகம்
அப்படியானால் இரண்டும் சேர்ந்த கலங்கல். மீனை முதலில் கவனியுங்கள். சாதா கெண்டை சேற்றை வாயில் உறிஞ்சி, சலித்து, துப்பும். ஒரு நாளில் அது கிளறும் பரப்பைச் செடியால் ஈடுகட்ட முடியாது. திலாப்பியா அதைவிட நூதனம். 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் வட்டக் குழி தோண்டி முட்டையிடும். நீங்கள் நடப்போகும் ஆழமும் அதேதான். இழுவலை போட்டுக் கெண்டையை எடுத்துவிடலாம். திலாப்பியாவை வலையால் மட்டும் முழுதாக ஒழிக்க முடியாது, அதனால் செடியைச் சுற்றிக் கூண்டு கட்டிவிடுங்கள்.

ஆழத்தை எண்ணில் பேசுவோம். 20 செ.மீ. குறுக்களவில் ஒரு தகட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாறி மாறிப் பூசுங்கள். நடுவில் கயிறு, அடியில் எடை. 1865-இல் இத்தாலிய வானியலாளர் அஞ்செலோ செக்கி கண்டுபிடித்த முறை. அவர் தட்டு முழு வெள்ளை, கறுப்பு பின்னால் வந்தது. நண்பகலையொட்டி, கரை நிழலில் நின்று இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. அந்த அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் வரை வேர்விட்ட செடி உயிர்வாழலாம். புதுக்கன்றுக்கு இது பொருந்தாது. புதுக்கன்றைத் தட்டு மறையும் ஆழத்துக்குள்ளேயே நட வேண்டும்.

மீன் வளர்ப்பில் தட்டு 25–40 செ.மீ.யில் மறைந்தால் நல்லது என்று சொல்வார்கள். அது தீனிப்பாசிக்காக உரமிட்ட குளத்துக்கான கணக்கு. அடர்ந்த மிதவைப்பாசியும் அடிச்செடியும் ஒரே குட்டையில் ஒன்றாக நிற்காது. செடி தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தெளிந்த தண்ணீரைத் தெளிவாகவே வைத்திருக்கும் என்பதே சரி. கலங்கிய குட்டையைச் செடி நட்டுத் தெளிய வைக்கப் பார்த்தால் நாற்றுதான் வீண்.

படிகக்கல்
களித்துகளுக்கு இரண்டு வழி: படிகாரம், ஜிப்சம். எதுவானாலும் குட்டையில் கொட்டும் முன் வாளியில் பாருங்கள்.

10 லிட்டர் வாளி ஏழு. ஒவ்வொன்றிலும் குட்டைத் தண்ணீர். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மி.லி.யை ஒரு வாளியில் விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிவிடும். மூன்று வாளியில் 10, 20, 30 மி.லி. அடுத்த மூன்றில் பொடித்த ஜிப்சம் 1, 2, 3 கிராம், அதாவது லிட்டருக்கு 100, 200, 300 மில்லிகிராம். கடைசி வாளியில் ஒன்றும் போட வேண்டாம். நன்றாகக் கலக்கிவிட்டு, படிகாரத்தை ஒரு மணி நேரம் கழித்தும் ஜிப்சத்தை மறுநாளும் பாருங்கள். தெளிய வைக்கும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுவே உங்கள் அளவு.

உங்கள் குட்டை 20 × 15 × 1.2 = 360 கன மீட்டர். படிகாரம் 20 என்று வந்தால் 7.2 கிலோ. ஜிப்சம் 200 என்று வந்தால் 72 கிலோ.

படிகாரம் வேகம், ஆனால் காரத்தன்மையை, அதாவது பிஎச் சரியாமல் தாங்கும் திறனை, தின்னும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் போட்டால் 10 மில்லிகிராம் காரத்தன்மை போகும். 50-க்குக் கீழே உள்ள தண்ணீரில் முதலில் விவசாயச் சுண்ணாம்பு இட்டு ஏற்றிக்கொள்ளாமல் போட்டால் பிஎச் சரிந்து மீன் சாகலாம். ஜிப்சத்தில் அந்தப் பயம் இல்லை, எடைதான் கூடுதல்.

நீர்க்காகம்
கெண்டை உள்ளே இருக்கும்போது படிகாரம் போடுவது, ஆடிக்கொண்டிருக்கும் தொட்டிலில் கோலம் போடுகிற மாதிரி. படிந்ததை மறுநாளே கிளறிவிடும். மழைநீர் வரும் வாய்க்காலில் மண்ணை நிறுத்தப் புல்கரையும் சிறு வண்டல்குழியும் இல்லை என்றால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு மூட்டை செலவு. என்னைக் கேட்டால் மீன், வரத்துவாய்க்கால் இரண்டையும் சரிசெய்து ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து.

படிகக்கல்
மீன் போனாலும் பாட்டிலில் எட்டு நாளாகப் படியாத துகள் குட்டையில் மட்டும் எப்படிப் படியும்? வாய்க்கால் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். வரிசை இப்படி: கெண்டை வெளியே, வாய்க்கால் சரி, அப்புறம் ஒரே ஒரு முறை ஜிப்சம்.

சேற்றுக்கால்
நடவுக்கு வருவோம். குட்டை முழுக்க நட வேண்டியதில்லை. நான்கைந்து இடத்தில் காவலுக்குள் சிறு திட்டு உண்டாக்கினால் அங்கிருந்து ஓடுதண்டு தானாக வெளியே பரவும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வாளர்கள் நீர்த்தேக்கங்களில் கையாண்டதும் இந்த "தாய்த்திட்டு" முறைதான்.

கூண்டு: குறைந்தது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். பிளாஸ்டிக் பூச்சுள்ள பற்றவைத்த கம்பிவலை, கண் 25 மி.மீ. பூச்சில்லாத கோழிவலை சேற்றுமட்டத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். அடிவிளிம்பைச் சேற்றில் 15 செ.மீ. இறக்குங்கள், இல்லையென்றால் கெண்டை மூக்கை நுழைத்துத் தூக்கிவிடும். மேல்விளிம்பு உச்ச நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே நிற்கட்டும். வாத்தோ நாமக்கோழியோ இறங்கும் குட்டை என்றால் மேலேயும் வலை. 25 மி.மீ. கண்ணில் திலாப்பியாக் குஞ்சு நுழையும். அதைத் தடுக்கச் சின்னக் கண் போட்டால் பாசி அடைத்து வெளிச்சத்தை மறைக்கும். குஞ்சைப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளேயே பெரிதாகிவிட்டதைத் தூண்டிலில் எடுங்கள்.

ஆழம்: நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று முதலில் பாருங்கள். ஒரு பருவத்தில் 50 செ.மீ. இறங்கும் குட்டையில் 40 செ.மீ. ஆழத்தில் நட்டால் கோடையில் கன்று வெயிலில் காயும். மூன்றுக்கு ஒன்று சரிவுள்ள கரையில், ஒரே ஆழத்தில் ஐந்து கூண்டு வைப்பதைவிடப் படிப்படியாக 30, 50, 70 செ.மீ. என்று வையுங்கள். எந்த ஆழம் பொருந்துகிறது என்று செடியே காட்டிவிடும்.

கன்று: வாலிஸ்னேரியா சதுர மீட்டருக்கு 9. இலையைக் கத்தரியால் 15–20 செ.மீ.க்கு வெட்டுங்கள், நீள இலை கன்றைத் தூக்கி மிதக்கவிடும். வேரை 5 செ.மீ.க்கு ஒதுக்கிக்கொள்ளலாம். நடும்போது செய்யும் பெரிய பிழை ஆழப் புதைப்பது. வேர் வெளுப்பும் இலைப் பச்சையும் சேரும் அந்தக் கழுத்து சேற்றுக்கு மேலே தெரிய வேண்டும். விரலால் சற்று ஆழமாக அழுத்தி, பிறகு கழுத்து வெளியே வரும்வரை மெதுவாக மேலே இழுத்தால் வேர் கீழ்நோக்கி விரியும்.

சேறு கூழாக இருந்து கன்று நிற்கவில்லையா? சணல் சாக்கைக் கையளவு துண்டாக வெட்டி, நடுவில் ஒரு பிடி களிமண்ணும் கூழாங்கல்லும் வைத்து, வேரை அதில் பொதிந்து, கழுத்துக்குக் கீழே சணலால் கட்டுங்கள். அப்படியே இறக்கிவிடலாம். சாக்கு மட்கும் முன் வேர் வெளியே வந்துவிடும். நைலான் கயிறு கட்டாதீர்கள், தண்டு பருக்கும்போது அறுக்கும்.

பொட்டமோகெட்டான், மிரியோபில்லம் போன்ற தண்டுச் செடிகளுக்கு 15–20 செ.மீ. துண்டு, ஐந்தைந்தாகச் சேர்த்து, அடி இரண்டு மூன்று கணுவில் இலையை உருவிவிட்டு நடுங்கள். உருவாத இலை சேற்றில் அழுகித் தண்டையும் சேர்த்து அழுக வைக்கும்.

தவளைக்கல்
நடுவதற்கு முன் கன்றைச் சுத்தம் செய்வதை யாரும் சொல்லவில்லை. நூல்பாசி, லெம்னா என்கிற சின்ன மிதவைச் செடி, நத்தை முட்டை, ஹைட்ரில்லாத் துண்டு, எல்லாம் கன்றோடுதான் வரும். ஓடும் தண்ணீரில் அலசி, லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 10 நிமிடம், மீண்டும் அலசி, தனித் தொட்டியில் மூன்று வாரம். இலையடியில் ஒட்டிய கூழ் போன்ற முட்டைக் குவியலை இந்தக் கரைசல் முழுதாகக் கொல்லாது, நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கன்றை ஒருபோதும் காயவிடாதீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலும் அன்றே நடுவது நல்லது.

மொட்டைமாடி
சிறிய குளத்துக்கும் இதே முறைதானா? வீட்டுப் பின்புறம் 3,000 லிட்டர், விரிப்புக் குளம், 70 செ.மீ. ஆழம், தங்கமீன் ஆறு. தண்ணீர் தெளிவுதான்.

தவளைக்கல்
விரிப்பின் மேல் மண் பரப்பாதீர்கள், தங்கமீன் கெண்டையின் சொந்தக்காரன். அகன்ற தட்டைத் தொட்டி, 25–30 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். உரம் கலக்காத களிச்சேர்ந்த மண் 7–8 செ.மீ. கடைகளில் கிடைக்கும் தொட்டிமண் கலவை மிதக்கும், ஆகாது. மேலே கட்டைவிரல் நகம் அளவுக் கல் 2 செ.மீ.; அதைவிடச் சிறியதை மீன் வாயில் எடுத்துத் துப்பிவிடும். கல் கழுத்தை மூடக் கூடாது. மண்ணை வெளியிலேயே நனைத்து, காற்றுக் குமிழி அடங்கிய பிறகு, சாய்த்து மெதுவாக இறக்குங்கள்.

கூடவே கூன்டெயில் ஐந்தாறு கொத்து மிதக்கவிடுங்கள். அதற்கு வேரே கிடையாது, தண்ணீரில் உள்ள சத்தை நேராக உறிஞ்சும், அதனால் முதல் இரண்டு மாதம் நூல்பாசியோடு போட்டி போட அதுதான் சரி. வாலிஸ்னேரியா ஓடுதண்டு விடத் தொடங்கியதும் கூன்டெயிலில் பாதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிழலடித்துக் கீழே இருப்பதைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டு ஊற்றவும்.

மொட்டைமாடி
ஏற்கெனவே உள்ள ஒரு கொத்தில் இலை மேல்பக்கம் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. நோயா?

படிகக்கல்
நோயில்லை. இலையைத் தேயுங்கள், மணல் மாதிரி நறநறத்து, ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்பு. கடினநீரில் கரைந்த கரியமிலவாயு தீர்ந்ததும் வாலிஸ்னேரியா, எலோடியா போன்றவை பைகார்பனேட்டை எடுக்கத் தொடங்கும். அப்போது இலைமேல் பிஎச் ஏறிக் கால்சியம் கார்பனேட் படியும். கபோம்பா பைகார்பனேட்டை நம்பிப் பிழைக்காது. கடினநீரில் அது மெலிந்து போவது அதனால்தான். தேய்த்தால் பழுப்பு வழவழப்பாக வருவது பாசிப்படலம். அதை நத்தை மேய்ந்துவிடும். சொரசொரப்பாக, கசக்கினால் பூண்டு வாடை வந்தால் உங்களிடம் இருப்பது காரா. அது செடியே இல்லை, பெரிய பாசி. பிடுங்க வேண்டாம், கடினநீரில் அடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாசிக்கென்று காப்பர் சல்பேட் போட்டால் முதலில் சாவதும் அதுதான்.

வாத்துமடை
செடி மிஞ்சிப் போனால் புல்கெண்டை விட்டுவிடலாமே?

நீர்க்காகம்
புல்கெண்டைக்கு "மூன்றில் ஒரு பங்கு மட்டும்" என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. இளசாக இருப்பதை முதலில் தின்னும், பிறகு மீதியையும். அதன் கழிவில் போகும் சத்து மிதவைப்பாசியாகத் திரும்ப வரும், குட்டை பழைய நிலைக்கே போகும். பல இடங்களில் அனுமதியும் தேவை.

அதிகமாவதும் கெடுதல்தான். செடியும் இரவில் பிராணவாயுவை எடுக்கும், விடியலுக்குச் சற்று முன்தான் அளவு மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்த நேரத்தில். பரப்பில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு போதும். மிஞ்சினால் நீளப்பிடி வாரியால் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள், இரண்டு வாரம் விட்டு அடுத்தது. வெட்டியதைத் தண்ணீரிலேயே விட்டால் அழுகும். கரையிலிருந்து தள்ளிக் குவியுங்கள், வடியும் நீர் திரும்பக் குட்டைக்கு வராதபடி.

கரைமேடு
வலை போட்டதில் கெண்டை 37 வந்தது. வாளிச் சோதனை: படிகாரம் 20-இல் ஒரு மணி நேரத்தில் தெளிவு. ஜிப்சம் 100-இல் மாற்றமில்லை, 200-இல் மறுநாள் தெளிவு, 300-க்கும் 200-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரத்தன்மைச் சோதனைப் பட்டை 40 காட்டுகிறது.

படிகக்கல்
40 என்றால் ஜிப்சம்தான். 72 கிலோவையும் ஒரே இடத்தில் கொட்டினால் அடியில் கட்டியாகிக் கிடக்கும். வாளியில் கூழாகக் கரைத்து, காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்து பரப்பு முழுக்க வீசுங்கள். இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பங்குக்குப் பின் மூன்று நாள் கழித்துத் தட்டை இறக்கிப் பாருங்கள், 50 செ.மீ. தாண்டிவிட்டால் இரண்டாம் பங்கு தேவைப்படாது.

சேற்றுக்கால்
தெளிந்ததும் தாமதிக்காதீர்கள். செடி இல்லாத தெளிந்த குட்டையில் அந்த வெளிச்சம் முழுவதும் நூல்பாசிக்குத்தான் போகும், இரண்டு வாரத்தில் பச்சைப் போர்வை. கூண்டை முன்கூட்டியே கட்டி வைத்துவிடுங்கள். மீதமுள்ள மூன்று கெண்டையை மறக்க வேண்டாம்: கூண்டுக்கு வெளியே முதல் ஓடுதண்டு தலைகாட்டும்போது அவை வந்து நிற்கும்.